உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் நிறம்

காலையில் கண்ணாடி முன் நிற்கிற ஐந்து நிமிடம் போனால், மிச்ச நாள் முழுக்க உங்கள் முகத்தையும் கழுத்தையும் பார்ப்பது மற்றவர்கள்தான். உங்கள் கண்ணில் படுவது கை, மடி, கைப்பையின் உட்புறம், குடையின் அடிப்பக்கம். சாறியின் நல்ல நிறமெல்லாம் முதுகில் தொங்கும் முந்தானையிலும், சட்டையின் நல்ல வேலைப்பாடெல்லாம் கழுத்தைச் சுற்றியும் இருந்தால், அந்த நிறத்தின் சந்தோஷம் பின்னால் நடந்து வருகிறவருக்குத்தான் போகும்.

ஆகவே முதலில் கையைக் கவனியுங்கள். கந்தோருக்கு வெள்ளையும் கருநீலமும்தான் என்று கட்டுப்பாடு இருந்தாலும், சட்டைக் கை ஓரத்தில் அரை அங்குல வாடாமல்லி நிறப் பட்டியை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தட்டச்சு செய்யும்போது நாள் முழுக்க அது உங்கள் கண்ணெதிரே இருக்கும். பட்டிக்கு ஒன்றரை அங்குல அகலத் துண்டை 45 பாகையில், குறுக்காக வெட்டச் சொல்லுங்கள். நேராக வெட்டிய துணி வளையாது, கை ஓரத்தில் சுருங்கி நிற்கும். வெள்ளவத்தைத் தையல் கடைகளில் 'பைப்பிங்' என்றாலே விளங்கும். ஆனால் குறுக்கு வெட்டுக்குத் துணி கூடப் போவதால் சிலர் நேராகவே வெட்டிவிடுவார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

குடை விஷயத்தில் கொழும்பு ஆட்கள் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறோம் என்று தெரியவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஆண்டு முழுக்கத் தூக்குகிற பொருள் அது. ஒற்றைத் துணிக் குடையென்றால் வெயில் அதன் நிறத்தை வடிகட்டி முகத்தில் போடும். சிவப்பும் செம்மஞ்சளும் முகத்தைச் சூடான நிறமாகக் காட்டும், பச்சைக் குடையின் கீழ் எல்லாரும் காய்ச்சலில் எழும்பி வந்தவர்கள் மாதிரித் தெரிவோம். உள்ளே வெள்ளிப் பூச்சுப் பூசிய குடையில் இந்த விளையாட்டு கிடையாது. அதில் நிறம் வெளியில் மட்டும்தான், பார்க்கிறவர்களுக்கு.

கைப்பைக்குள் கறுப்பு உட்துணி, அதற்குள் கறுப்புப் பணப்பை, கறுப்புப் போன். பஸ்ஸில் நின்றுகொண்டு துழாவ வேண்டியதுதான். மாம்பழ மஞ்சளில் உட்துணி மாற்றினால் திறப்பு உடனே கண்ணில் படும். 14க்கு 16 அங்குலப் பைக்கு, 45 அங்குல அகலப் பொப்ளின் அரை மீற்றர் போதும். 15க்கு 17 அளவில் இரண்டு துண்டு வெட்டிய பிறகும் ஒரு உட்பொக்கற்றுக்குத் துணி மிஞ்சும். வெட்ட முதல் துணியை நனைத்துக் காய வையுங்கள். பருத்தி முதல் நனைவில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் பை வாய் கோணும்.

துணி வாங்கப் புறக்கோட்டைதான். ஆனால் கடைக்குள் எரிகிற குழல் விளக்கை நம்பி நிறம் பொருத்தாதீர்கள். அந்த வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு கருநீலங்கள், வெளியே வந்தால் ஒன்று நாவல் நிறமாகவும் மற்றது பச்சை கலந்தும் நிற்கும். இரண்டு சாயங்களின் கலவை வேறு வேறு என்பதால் வெளிச்சம் மாறினால் பொருத்தமும் மாறுகிறது. துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், மாலை வெயில் மஞ்சளாகுமுன் பாருங்கள்.

'உங்கட நிறத்துக்கு இது எடுக்காது, லைட்டா ஒண்டு எடுங்கோ' என்று கடையில் சொன்னால் காதில் போட வேண்டாம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெளிறிய ரோசாவும் சாம்பல் கலந்த மென்னிறங்களும்தான் பெரும்பாலும் பிரச்சினை. தோலில் சாம்பல் பூசினாற்போல் நிற்கும். மயில்கழுத்து நீலம், கிளிப்பச்சை, நல்ல குங்குமச் சிவப்பு எல்லாம் எடுப்பாக இருக்கும். இந்த நாட்டில் பளிச்சென்ற நிறங்களைக் கைத்தறியில் அருகருகே நிறுத்தித் துணிச்சலாக நெய்வித்தவர் பாபரா சன்சோனி. 1964இல் அவர் தொடங்கிய பெயர்பூட் (Barefoot) கைத்தறிக் கடை, கொழும்புக் காலி வீதியில் இன்றும் இருக்கிறது. வாங்காவிட்டாலும் போய்ப் பாருங்கள். செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் ரோசா எப்படி நிற்கிறது என்று அங்கே கண் பழகும்.

சித்திரை வருடப் பிறப்புக்குப் பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் வாங்கி, ஒருநாள் உடுத்து, அலுமாரியில் தூங்குகிற உடுப்பு எத்தனை வீட்டில்! அதை எடுத்துச் சாதாரண நாளில் உடுப்பதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

வேர்வைக்கு ஒரு வார்த்தை. எங்கள் புழுக்கத்தில் நனைந்த இடத்தை அப்படியே காட்டிக் கொடுப்பது இளஞ்சாம்பல் நிறப் பருத்தி. அடுத்தது நடுத்தர நீலம். வெள்ளையும் கடும் நீலமும் சின்னப் பூப்போட்டதும் காட்டாது. வெள்ளைச் சட்டையின் அக்குளில் வரும் மஞ்சளுக்குக் குளோரின் வெளுப்பான் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கூடும்.

சாயம் கழலுமா என்று அறிய, உள்தையலில் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையை வைத்து இளஞ்சூட்டு அயனால் பத்து நொடி அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை வெள்ளைச் சட்டைக்குப் பட்டியாக வைக்க வேண்டாம், முதல் கழுவலிலேயே சட்டை ரோசாவாகும். உப்பும் வினாகிரியும் போட்டால் நிற்கும் என்பார்கள். உப்பு, சாயம் ஏற்றும்போது அதைத் துணிக்குள் தள்ளத்தான் உதவும். வினாகிரிக்கு வேலை பட்டிலும் கம்பளியிலும். கடையிலிருந்து வந்த பருத்தியில் இரண்டும் எதையும் கட்டிப்போடாது. தனியே, குளிர்ந்த தண்ணீரில் கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காய வையுங்கள்.

வெளுத்துப்போன பருத்தி உடுப்பைத் திரும்பச் சாயமேற்றலாம். முதலில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். கடதாசி மணத்தோடு சாம்பலானால் பருத்தி, உருகி முத்துப்போல் உறைந்தால் பொலியெஸ்டர், அதில் பருத்திச் சாயம் பிடிக்காது. குளிர் நீரிலேயே பருத்தி நாரோடு சேர்ந்து பிடிக்கும் 'ரியக்டிவ்' என்ற சாயத்தூளுக்கு எங்கள் குழாய்த் தண்ணீரின் சூடே காணும். 250 கிராம் உடுப்புக்கு 5 லீற்றர் தண்ணீர், 5 கிராம் சாயம், கடும் நிறம் வேண்டுமென்றால் 10 கிராம், 250 கிராம் உப்பு, 100 கிராம் சலவைச் சோடா. அப்பச்சோடா வேறு, அது போட்டால் இந்தச் சூட்டில் சாயம் பிடிக்காது. அலுமினியச் சட்டியைச் சோடா அரிக்கும், பிளாஸ்ரிக் பேசின் நல்லது. தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள், கையுறையும் வேண்டும்.

நன்றாகத் துவைத்த உடுப்பை ஈரத்தோடு போட்டு, உப்பும் சாயமும் கரைந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் கிளறுங்கள். சோடாவைத் தனியே சுடுநீரில் கரைத்து, ஆறவிட்டு, துணிமேல் நேரே விழாமல் ஊற்றி, இன்னும் ஒரு மணித்தியாலம் இடைக்கிடை கிளறுங்கள். கிளறாமல் விட்டால் மடிப்பில் வரி விழும். பிறகு குளிர் நீரில் அலசி, கொதிநீரும் சவர்க்காரமும் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். மிஞ்சிய சாயத் தண்ணீரை நாளைக்கென்று வைக்க வேண்டாம், சோடா சேர்ந்ததும் சாயத்தின் வலு தண்ணீரிலேயே போய்விடும்.

பழைய நிறம் அடியில் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. மஞ்சள்மேல் நீலம் போட்டால் பச்சைதான் வரும். வெளுப்பான் பட்ட வெள்ளைப் பொட்டு புதுச் சாயத்திலும் வேறாகத் தெரியும், எண்ணெய்க்கறை உள்ள இடம் பிடிக்காமல் நிற்கும். தையல் நூல் பெரும்பாலும் பொலியெஸ்டர் என்பதால் பழைய நிறத்திலேயே இருந்துவிடும். வெள்ளைச் சட்டையைக் கருநீலமாக்கினால் ஒவ்வொரு தையலும் வெள்ளைக் கோடாக மேலே வரும். பலருக்கு அது பிடிக்காது. மேல்சட்டைப் பொக்கற்றிலும் கை ஓரத்திலும் அந்தக் கோடு கையால் தைத்த வேலைப்பாடு மாதிரி இருக்கும், விட்டுவிடலாம்.