அம்மாவுக்காக எடுத்த எட்டு மலை

எங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஏழு மாசம் ஆகியிருந்த நேரம் அது. வீட்டுக்குள்ளயே வாக்கர் வெச்சுகிட்டுதான் நடப்பாங்க, படி ஏற முடியாது, சேந்தாப்ல பத்து நிமிஷம் நிக்க முடியாது. 2025 தை மாசம் நானும் சித்தியும் திருவண்ணாமலை கிளம்புறோம்னு சொன்னப்ப அம்மா முகத்த பாக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, ஏன்னா வருஷா வருஷம் எங்கள கூட்டிட்டுப் போனதே அவங்கதான். ஆனா அம்மா அழவெல்லாம் இல்ல. பையில துண்டு, தண்ணி பாட்டிலெல்லாம் எடுத்து வெச்சுகிட்டே சொன்னாங்க, "எட்டு லிங்கத்துகிட்டயும் நின்னு எனக்கு ஒவ்வொரு போட்டோ புடிச்சுட்டு வாடி. லிங்கத்த இல்ல, அங்கேருந்து மலைய."

அண்ணாமலை போனவங்களுக்கு இது உடனே புரியும். அங்க மலைதான் சாமி. 2668 அடி உசரத்துக்கு நிக்கிற அந்த மலைய 14 கிலோமீட்டர் சுத்தி வர்றதுதான் கிரிவலம், இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம்னு எட்டு திசைக்கும் எட்டு லிங்கம், ஒவ்வொரு லிங்கத்துகிட்டயும் நின்னு வலது பக்கம் திரும்பிப் பாத்தா அதே மலை வேற மலையா தெரியும். ஒரு எடத்துல ஒத்தையா கூம்பு மாதிரி நிக்கும், கொஞ்ச தூரம் போனா ரெண்டா பிரியும், வடக்குப் பக்கம் வந்தா அஞ்சு முகம். அம்மாவுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

பௌர்ணமி கூட்டத்துல போட்டோ எடுக்க முடியாதுன்னு அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடி பாத்து போனோம். கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி, திண்டிவனம், செஞ்சி வழியா ராத்திரி போய் இறங்கி, ஒரு மணி நேரம் படுத்துட்டு காலைல நாலு மணிக்கெல்லாம் குளிச்சு முடிச்சு ராஜகோபுரத்துக்கு எதிர்ல கற்பூரம் ஏத்திட்டோம். 217 அடி, 11 நிலை கோபுரம், கழுத்து வலிக்குற அளவுக்கு அண்ணாந்து பாத்தாதான் கலசம் தெரியும். கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சு தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் காலத்துல முடிஞ்சதாம். அங்கேயும் இந்திர லிங்கத்துகிட்டயும் எடுத்த போட்டோல மலை சரியாவே தெரியல, கோபுரத்து லைட்டுதான் பளிச்சுனு இருக்கு. பரவால்லன்னு நடக்க ஆரம்பிச்சுட்டோம். "மலைப் பக்கம் ஒட்டி நடக்காதடி, அது சித்தருங்க நடக்குற பக்கம், நம்ம இடது ஓரமா போகணும்"னு சித்தி ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க.

இப்ப ரெண்டாவது போட்டோவப் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும்.

அக்னி லிங்கம் கும்பிட்டுட்டு வெளிய வர்றோம், டக்குனு கரண்ட் போயிடுச்சு. ரோட்டு லைட்டு, கடை லைட்டு எல்லாமே அணைஞ்சு போச்சு. முன்னாடி பின்னாடி நடந்துகிட்டு இருந்தவங்க எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க, யாரோ ஒருத்தர் "அரோகரா"ன்னாரு, நாலஞ்சு பேரு அதுக்கு பதில் குடுத்தாங்க, அப்புறம் சத்தமே இல்ல. கண்ணு இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் ஆச்சு. நிமிந்து பாத்தா வானம் பூரா நட்சத்திரம், சென்னைல நான் அவ்வளவு நட்சத்திரத்த ஒண்ணா பாத்ததே இல்ல. ஆனா ஒரு பக்கம் மட்டும் நட்சத்திரமே இல்ல, கீழேருந்து மேல வரைக்கும் ஒரு பெரிய கருப்பு, அதோட ஓரத்துலதான் நட்சத்திரம் மறுபடி ஆரம்பிக்குது. அது மேகம்னுதான் மொதல்ல நெனச்சேன், சித்தி என் தோள தொட்டு "மலைடி"ன்னாங்க. உடம்பு சிலிர்த்துப் போச்சு. இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு, இவ்வளவு பெருசாவா! லைட்டு இருந்த வரைக்கும் அது அங்க இருக்குறதே எனக்குத் தெரியல. மொபைல ஒரு மதில் மேல வெச்சு நைட் மோட்ல எடுத்தேன், மூச்சக் கூட அடக்கிகிட்டு. போட்டோல பாத்தா முக்கால்வாசி கருப்பு, மேல ஓரமா பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்துல கரண்ட் வந்துடுச்சு.

ரமணாசிரமம் தாண்டும்போது உள்ள மயில் அகவுற சத்தம். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயசுப் பையனா இந்த ஊருக்கு வந்த ரமண மகரிஷி 1950ல சமாதி ஆகுற வரைக்கும் இந்த மலைய விட்டுப் போகவே இல்ல. எனக்கு அந்த வாசல்ல நிக்கும்போதெல்லாம் இதுதான் தோணும், அம்பது வருஷத்துக்கு மேல ஒரே மலையப் பாத்துகிட்டு ஒருத்தரால இருக்க முடிஞ்சுதுன்னா அந்த மலைல என்னமோ இருக்கு. சித்தி வேகமா நடந்த என்ன அங்க ஒரு தடவ புடிச்சு நிறுத்தினாங்க. "ஓட்டப் பந்தயமா இது? நிறைமாச கர்ப்பிணி நடக்குற மாதிரி நடக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. உங்கம்மா உன்ன வயித்துல வெச்சுகிட்டு அஞ்சாவது மாசத்துல சுத்தினா தெரியுமா, நாந்தான் தண்ணிக்குடம் மாதிரி அவள புடிச்சுகிட்டே வந்தேன். அப்ப இந்த லைட்டெல்லாம் ஏது, ரெண்டு பக்கமும் புளியமரம், அந்த இருட்டுல பாட்டு பாடிகிட்டே வந்தோம்." இது எனக்கு அது வரைக்கும் தெரியாது. அம்மா ஒரு தடவ கூட சொன்னதில்ல. அப்ப நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு சுத்து சுத்திட்டேன்னு நெனச்சப்ப கால் தானாவே மெதுவாயிடுச்சு.

எம லிங்கத்துகிட்ட எடுத்தது சுமாரா வந்துச்சு, அப்பதான் வெளுக்க ஆரம்பிச்ச நேரம். நிருதி லிங்கத்துகிட்ட நல்லா விடிஞ்சிருச்சு, மலையோட வலது பக்கத்து வானம் செம்பருத்திப் பூ கலர்ல இருந்துச்சு, மலை இன்னும் கருநீலமாவே இருக்கு, உச்சில மட்டும் மெல்லிசா ஒரு பஞ்சு மேகம் உக்காந்திருந்துச்சு. எட்டுல பாக்க ரொம்ப அழகான போட்டோன்னா அதுதான். மத்தவங்ககிட்ட காட்டுனா எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க.

ஆனா எனக்குப் புடிச்சது வருண லிங்கத்துகிட்ட எடுத்தது. அதுல மலை மங்கலா பின்னாடி இருக்கு, முன்னாடி இருக்குறது ஒரு பாதமும் ரெண்டு கையும். ரோட்ட விட்டு மண்ணுல கொஞ்சம் ஒதுங்கினப்ப சித்தி கால்ல கருவேல முள்ளு ஏறிடுச்சு, குதிகாலுக்கு பக்கத்துல, உள்ள ஒடிஞ்சு நின்னுடுச்சு. சித்தி அப்படியே உக்காந்துட்டாங்க, வாயத் தொறந்து ஒரு சத்தம் போடல, கண்ணுல மட்டும் தண்ணி. பக்கத்துல வில்வமும் சாமந்தியும் கூறு கட்டி வித்துகிட்டு இருந்த ஒரு பாட்டி கூடைய தள்ளி வெச்சுட்டு வந்து, கேக்காமலே சித்தி கால எடுத்து தன் மடில வெச்சுகிட்டாங்க. பூவுக்குத் தெளிக்கிற தண்ணிய எடுத்து மண்ணக் கழுவினாங்க, முந்தானைல தொடச்சாங்க, ரெண்டு கட்டை விரலாலயும் சுத்தி அழுத்தி அழுத்திப் பாத்து முள்ளோட கருப்பு நுனி எங்கன்னு கண்டுபுடிச்சாங்க. தாலிக்கயித்துல மாட்டியிருந்த ஊக்க கழட்டி தோலை மட்டும் லேசா கீறி, நெம்பி, நகத்தால புடிச்சு ஒரே இழுப்பு. அரை இஞ்ச் இருக்கும். அத என் உள்ளங்கைல வெச்சுட்டு, வெத்தலைக்கு வெச்சிருந்த சுண்ணாம்புல ஒரு துளியும் மஞ்சத்தூள் ஒரு சிட்டிகையும் கொழச்சாங்க, ரெண்டும் சேந்து குங்குமமா செவந்துச்சு, அத அந்த எடத்துல அப்பி விட்டாங்க. சித்திக்கு கூச்சம், "என் கால போய் தொடுறீங்களே அம்மா"ன்னு கைய புடிச்சாங்க. பாட்டி அதுக்கு, "மலைய சுத்துற காலு, தொட்டா எனக்குத்தான் புண்ணியம்"னு சொல்லிட்டு கூடைகிட்ட திரும்பப் போயிட்டாங்க. காசு குடுத்தோம், வாங்கவே இல்ல. இருபது ரூபாய்க்கு வில்வம் வாங்கினோம், அதுக்கு மட்டும் வாங்கிகிட்டாங்க. போட்டோ எடுத்துக்கட்டுமா பாட்டின்னு கேட்டேன், மூஞ்சி வேணாம்னாங்க, அதான் கை மட்டும். தோலெல்லாம் சுருங்கி, விரல் நுனில பூ நாரோட பச்சைக் கறை.

ஆதி அண்ணாமலை கோயில் லிங்கக் கணக்குல வராது, ஆனாலும் அங்கயும் ஒண்ணு எடுத்தேன். கிழக்குல உதிச்ச சூரியன் மேற்குப் பக்கம் நிக்கிற நமக்கு மலைய தாண்டித்தானே வரணும், ஏழரை மணி வாக்குல மலை விளிம்புல ஒரு பொட்டு நெருப்பு வெச்ச மாதிரி வந்துச்சு. கார்த்திகை தீபம் இந்த உச்சிலதான 11 நாளும் எரியும்னு நெனச்சுகிட்டேன், கை தானா தலைக்கு மேல போயிடுச்சு. சித்தி நொண்டிகிட்டே வந்து நின்னு "அண்ணாமலைக்கு அரோகரா"ன்னு சத்தமா சொன்னாங்க, சுத்தி இருந்தவங்களும் சேந்துகிட்டாங்க.

வாயு லிங்கத்துல சொல்லறதுக்கு ஒண்ணும் இல்ல, காத்து நல்லா இருந்துச்சு, கால் நீட்டி உக்காந்தோம். குபேர லிங்கத்துகிட்ட வந்தப்ப வெயில் ஏறிடுச்சு, தார் ரோடு பாதத்த பொசுக்க ஆரம்பிச்சுது. அங்கேருந்து கொஞ்ச தூரத்துல பஞ்சமுக தரிசனம், மலை அஞ்சா பிரிஞ்சு தெரியுற எடம். அம்மா போன் பண்ணி "அஞ்சையும் எண்ணிட்டு எடுடி, ஒண்ணு மறைஞ்சுடும்"னு சொன்னாங்க, எண்ணி எண்ணி நாலு தடவ எடுத்தேன். இடுக்குப் பிள்ளையார்னு ஊந்து மட்டுமே போக முடியுற ஒரு குறுகலான சின்னக் கோயில் இருக்கு, அதுல சித்தி அந்தக் கால் வலியோடயே ஒருக்களிச்சு படுத்து ஊந்து வெளிய வந்து, மண்ணு ஒட்டுன முகத்தோட குழந்தை மாதிரி சிரிச்சாங்க. அதயும் எடுத்து வெச்சிருக்கேன்.

கடைசியா ஈசான்யம். ஊரு ஆரம்பிக்கிற பக்கம் வந்து மலைய பாத்தா பச்சைக்கு நடுவுல செம்மண் கோடு மாதிரி ஒரு தடம். 2024 டிசம்பர் 1ஆம் தேதி புயல் மழைல மண்ணு சரிஞ்சு வ.உ.சி. நகர்ல ஏழு பேரு போயிட்டாங்க, அதுல அஞ்சு பேரு குழந்தைங்க. அந்த வருஷம் தீபத்துக்கு மலை மேல ஏற பக்தருங்கள விடல. நான் ரொம்ப நேரம் மொபைல தூக்கவே இல்ல. அப்பன் மலைதான், ஆனா அந்தக் குழந்தைங்களுக்கு ஏன்னு மனசு கேக்கத்தான் செஞ்சுது, கேட்டேன், அங்கயே நின்னு கேட்டேன். சித்தி கைல இருந்த வில்வத்துல கொஞ்சம் எடுத்து மலையப் பாத்து கீழ வெச்சாங்க. அப்புறம்தான் எட்டாவது போட்டோ.

கோயிலுக்குள்ள அண்ணாமலையாரையும் உண்ணாமுலை அம்மனையும் பாத்தோம். பஞ்சபூதத்துல இது அக்னி ஸ்தலம், கருவறைகிட்ட நெருங்கும்போதே அந்த வெக்கை மூஞ்சில அடிக்கும், தை மாசக் குளிர்லயும் வேர்த்துக் கொட்டுச்சு. அம்மா பிரசாதம் கேக்கலன்னாலும் தீப மை கிடைச்சுது, மலை மேல எரிஞ்ச மகாதீபத்தோட மை, மார்கழி திருவாதிரைக்கு நடராஜருக்கு சாத்தின அப்புறம்தான் பக்தருங்களுக்கு குடுப்பாங்க.

ஊருக்கு வந்ததும் மொபைல்ல காட்டாம பிரிண்ட் போட்டுக் குடுக்கலாம்னு ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்தத் தம்பி அக்னி லிங்கத்து போட்டோவ பாத்துட்டு "அக்கா இது வீணாப் போயிருக்கு, போடவா வேணாமா"ன்னு கேட்டாரு. போடுப்பான்னு சொன்னேன்.

பிரிண்ட் எல்லாம் கலைஞ்சு போய் கவர்ல வந்துச்சு, பின்னாடி பேரு கூட எழுதல. அம்மா மை எடுத்து நெத்தில வெச்சுகிட்டு, கண்ணாடி போட்டுகிட்டு ஒண்ணொண்ணா எடுத்தாங்க. "இது நிருதி. இது எமன். இது அஞ்சு முகம், குபேரன தாண்டி." ஒண்ணு கூட தப்பு இல்ல. அந்தக் கருப்பு போட்டோவ எடுத்தப்ப மட்டும் பேச்சு இல்ல, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சு, புள்ளி எங்க முடியுதோ அந்த விளிம்ப விரலால தடவிகிட்டே வந்தாங்க. "நாங்க போனப்ப இப்படித்தான்டி இருந்துச்சு"ன்னாங்க.

அப்புறம் என்ன விட்டு சாப்பாட்டு மேஜை மேல இருந்ததையெல்லாம் எடுக்கச் சொன்னாங்க. கிழக்குப் பக்கம் இந்திர லிங்கத்துலேருந்து ஆரம்பிச்சு மேஜை ஓரத்த சுத்தி எட்டு போட்டோவையும் அந்தந்த திசைக்கு வெச்சாங்க, நடுவுல ஒரு அகல் விளக்கு. வாக்கர புடிச்சுகிட்டு எழுந்து, சேர எல்லாம் ஒதுக்கச் சொல்லிட்டு, மேஜைய வலமா சுத்த ஆரம்பிச்சாங்க. நான் பின்னாடியே போனேன், புடிக்கல, சும்மா கூடவே. ஒவ்வொரு போட்டோகிட்டயும் நின்னு கும்பிட்டுட்டு அடுத்ததுக்குப் போறாங்க, வாக்கர் தரைல டக் டக்னு. வருண லிங்கத்துகிட்ட வந்ததும் நின்னுட்டாங்க, குனிஞ்சு அந்தப் பாதத்தையும் கையையும் பாத்துட்டு, "உன் சித்திக்கு கால் ஆறிடுச்சாடி"ன்னு கேட்டாங்க.