டர்பன் ஈரக்காற்றுக்கு ஒரு வைன் அலமாரி

அலமாரியின் உடல் முடிந்துவிட்டது, கதவு மட்டும் பாக்கி. தென்னாப்பிரிக்காவின் டர்பனைப் போலக் கடலோரத்தில் மரவேலை செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதுவரை செய்ததை எழுதிவைக்கிறேன்.

மரப்பெட்டி வைனைக் குளிரவைக்காது. நெடுநாள் வைக்கும் வைனுக்கு 12 முதல் 14 டிகிரி வேண்டும் என்பார்கள். டர்பன் கோடையில் ஏசி இல்லாத அறையில் அது நடக்காத காரியம். வெளிச்சம் படாமல் மறைப்பது, பகலுக்கும் இரவுக்கும் இடையே சூடு ஏறி இறங்குவதை மட்டுப்படுத்துவது, பாட்டிலைப் படுக்கவைப்பது, இவ்வளவுதான் அலமாரியால் ஆகும். படுத்திருந்தால் தக்கை நனைந்தபடியே இருக்கும், காய்ந்து சுருங்காது. திருகுமூடிக்கு அந்தக் கவலை இல்லை. வெளிச்சம் படக்கூடாது என்பதால் கண்ணாடிக் கதவு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அடுப்படிக்குத் தள்ளி, வெயில் படாத உட்சுவரை ஒட்டி இடம் ஒதுக்கினேன்.

மரம் கியாட், ஆப்பிரிக்க மரம். நம் ஊர் வேங்கைக்கு இது நெருங்கிய சொந்தம். பச்சையாக வெட்டினால் வேங்கையைப் போலவே சிவப்பாகப் பால் வடியும். சலிக்னா என்ற யூகலிப்டஸ் வகையும் பைனும் மலிவுதான். ஆனால் ஈரம் கூடிக் குறையும்போது கியாட் மிகக் குறைவாகவே அசையும், இங்கே அதுதான் முக்கியம். என் பலகைகள் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து வந்தவை. 1,700 மீட்டர் உயரத்து வறண்ட காற்றில் காய்ந்த மரம் டர்பனுக்கு வந்ததும் ஈரத்தை இழுத்துப் பருக்கும். அதனால் வந்த உடனே அறுக்கவில்லை. காற்று புகும்படி இடையிடையே சிறு கட்டைகள் கொடுத்து அடுக்கி, எடை கூடுவது நிற்கும்வரை விட்டுவைத்தேன்.

சரி, அப்படிப் பழகிய மரமும் அசையத்தான் செய்யும். நீளவாக்கில் அநேகமாக இல்லை, அகலவாக்கில்தான். எனவே பக்கங்களை ஒரே அகலப் பலகையாக ஒட்டாமல், சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்தேன். சட்டங்களைத் துளையும் கழுந்துமாக (துளைக்குள் நுழையும்படி சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்குதான் கழுந்து) பசை போட்டு இறுக்கியிருக்கிறேன். நடுப்பலகைக்குப் பசையே கிடையாது. சட்டத்தின் காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் இடம் விட்டிருப்பதால், கோடைமழையில் அது விரிந்தாலும் சட்டத்தைப் பிளக்காது.

கழுந்து வெட்டுவது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கழுந்து தொடங்கும் படியை, அதாவது தோளை, பென்சிலால் குறிக்காமல் கத்தியால் கீறிக்கொண்டால் உளி அந்தக் கீறலில் தானாகவே போய் உட்காரும். கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டியதும் கழுந்து உள்ளே இறங்கி, மூட்டில் கோடே தெரியாமல் நிற்கும்போது வரும் சந்தோஷம் தனி. கியாட்டின் இழை சில இடங்களில் எதிரும் புதிருமாகப் பின்னியிருக்கும். இழைப்புளியைக் கூராக வைத்து மெல்லிய சீவலாக எடுத்தால்தான் பெயராமல் வரும். தூள் மூக்கைப் பதம்பார்க்கும், மாஸ்க் இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள்.

தட்டுகளை அளக்கும்போது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே அளந்தேன். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி வைன்களில் பாட்டில் வடிவம் ஒன்றுபோல இருக்காது. 1925இல் ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரோல்ட் பினோ நுவா, சின்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளை இணைத்து உருவாக்கிய பினோடாஜையே எடுத்துக்கொள்ளுங்கள்: சில பண்ணைகளில் நேர்த்தோள் பாட்டில், சில பண்ணைகளில் சரிந்த தோள் பாட்டில். நேர்த்தோளுக்குக் குறுக்களவு சுமார் 75 மில்லிமீட்டர். நுரைக்கும் கேப் கிளாசிக் பாட்டில் 90ஐ நெருங்கும். எல்லாம் நுழையட்டும் என்று ஒவ்வோர் அறையையும் 100 வைத்தேன். நிறைந்த பாட்டில் ஒன்று ஒன்றேகால் கிலோ பிடித்தால் 24 பாட்டிலுக்கு 30 கிலோ. அந்தச் சுமையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் கழுந்து போட்டே பொருத்தினேன், திருகை நம்பவில்லை.

அடுத்தது கதவு. உப்புக்காற்றில் இரும்பு துருவேறும் என்பதால் கீலும் திருகும் பித்தளை. பித்தளைத் திருகு மென்மையானது, கெட்டி மரத்தில் நேராக முறுக்கினால் தலை முறியும். துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகை முதலில் முறுக்கி எடுத்துவிட்டுப் பித்தளையை மாட்ட வேண்டும். அப்புறம் வெளிப்புறத்துக்கு மட்டும் எண்ணெய். மூடிய பெட்டிக்குள் வாடை லேசில் போகாது என்பதால் உட்புறத்தை வெறும் மரமாகவே விடப்போகிறேன்.