கன்றை ஆறாம் வகுப்புக்குக் கொடுங்கள்

பள்ளியில் மரம் நடுவதென்றால் பெரும்பாலும் கடைசி வகுப்புப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். கடப்பாரை பிடிக்கத் தெம்பு இருக்கும், போட்டோவிலும் எடுப்பாக நிற்பார்கள். சுற்றுச்சூழல் மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் நான்; என் கட்சி வேறு. குழியைப் பெரியவர்கள் வெட்டட்டும், கன்று ஆறாம் வகுப்புக்கு. அது வேர் பிடித்துத் தானாக நிற்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். கடைசி வகுப்புப் பிள்ளை அதற்குள் பள்ளியை விட்டே போயிருக்கும்.

தேதியிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாள்காட்டிக்கு மழை தெரியாது. பேச்சுப்போட்டியை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். கன்றை மண் நனைந்தபிறகு வைப்போம்.

நடும்போது நான் பார்ப்பது கன்று இருக்கும் பையை. அப்படியே குழிக்குள் இறக்கிவிடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கைக் கிழித்து, உள்ளே சுருண்டு கிடக்கும் வேரைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுருள் சுருளாகவே பெருத்து, சில வருடம் கழித்து மரம் தன் வேராலேயே நெரிபடும். அப்புறம் மூடாக்கு, அதாவது மண்ணுக்கு ஒரு போர்வை. தினமும் கூட்டிப் பெருக்கி மூலையில் கொளுத்துகிறோமே, அதே சருகுதான். தண்டை ஒட்டாமல் சுற்றிலும் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது, களையும் அடங்கும். டிபன் பாக்ஸ் கழுவும் குழாயடித் தண்ணீரை ஒரு வாய்க்கால் கீறி அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ல் தொடங்கிய பசுமைப் பட்டை என்ற மரம் நடும் இயக்கத்தில், பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். நட்டதற்கல்ல, பிழைத்த கன்றுக்கு. 2004-ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அவரைப் பற்றிப் படித்துவிட்டு 2007-ல் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் ஃபிங்க்பைனர் என்ற ஒன்பது வயதுப் பையன் வகுப்பில் பேசினான். 'பிளான்ட் ஃபார் தி பிளானட்' என்ற, மரம் நடும் சிறுவர் அமைப்பு அதிலிருந்துதான் கிளம்பியது. ஒன்பது வயது! சின்னப் பிள்ளைகளை நம்பச் சொல்வது இதனால்தான்.

எங்கள் பதிவேட்டிலும் பிழைத்த கணக்கைத்தான் எழுதுகிறோம். பட்டுப்போன கன்றுக்கும் ஒரு வரி உண்டு: ஆடு, வெயில், கிரிக்கெட் பந்து, எதுவானாலும் காரணத்தோடு.

மிச்சமிருக்கும் தலைவலி கோடை விடுமுறை. நடந்து வரும் தூரத்தில் யார் யார் வீடு என்று முன்னாலேயே கேட்டு, முறை வைத்துப் பெயர் எழுதிவிடுவோம். கேட் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். பிள்ளை குடத்தோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மறுநாள் வராது.