ஏழரைக்குத் தேடப்படும் கொந்தறாத்துக்காரர்

கொக்குவிலில் இருந்துகொண்டு மூன்று சின்னக் கட்டட நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் ஒன்று போன மாதம் மேசன்மாரிடம் ஒரு தாளை நீட்டியது. 'நான் சுயாதீன ஒப்பந்தக்காரர் (ஊர்ப்பேச்சில் கொந்தறாத்துக்காரர்), சேமலாப நிதி (EPF) கேட்கமாட்டேன்' என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்தால்தான் கிழமைக் காசு.

அங்கே நெடுநாளாக வேலை செய்யும் மேசன் அண்ணை ஒருவர் தாளோடு என்னிடம் வந்தார். "பிள்ளை, நான் கொந்தறாத்துக்காரன் எண்டா, ஏழரைக்கு வரேல்லை எண்டு ஏன் போன் அடிக்கிறாங்கள்?"

இதற்கு மேல் ஒரு சட்டத்தரணி என்னதான் கேட்டுவிடப்போகிறார்?

நிறுவனம் சொல்வது, கருவிகள் அவருடையவை, பூச்சு வேலைக்குச் சதுர அடிக் கணக்கில்தான் காசு. சரி, யாழ்ப்பாணத்தில் எந்த மேசன் அடுத்தவன் கரண்டியால் பூசுவார்? இவர் கரண்டி, மட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். கரண்டிப்பிடி தேய்ந்து அவர் கைக்கே அளவாகிவிட்டது. ஆனால் மிக்சர் மெஷின், சாரக்கம்புகள், சீமெந்து, மணல் எல்லாம் நிறுவனத்தினுடையவை. பூச்சு வெடித்தால் திருப்பிப் பூசும் சாமான் செலவும் நிறுவனத்துக்கே. தனக்கு ஏலாத நாளில் மருமகனை அனுப்பவும் இவரால் முடியாது, சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார்.

உண்மையான கொந்தறாத்து நம்மூரில் இல்லாமலில்லை. வீட்டுக் கொங்கிரீட் பிளேட் முழுவதையும் ஒரே விலை பேசி எடுத்து, தன் ஆட்களை வைத்துக் கட்டி, சீமெந்து விலை ஏறினால் தானே நட்டப்படுகிறவர் கொந்தறாத்துக்காரர்தான். அவரும் தப்ப முடியாது, தன் ஆட்களுக்கு அவரே முதலாளி.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 'ஊழியர்' என்பதை அகலமாகவே பிடிக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்கவேண்டும் என்றில்லை, வாய்ச்சொல்லே போதும். தன் உழைப்பால் ஒரு வேலையைச் செய்து தர ஒப்புக்கொண்டவரும் அதற்குள் வருவார். ஆகவே சதுர அடிக் கணக்கு என்பதால் ஒருவர் வெளியே போய்விடுவதில்லை.

பிறகேன் இந்தத் தாள்? காரணம் காசுதான். சதுர அடிக் காசு ஒரு நாளைக்கு 4,000 ரூபாய், மாதம் 25 நாள் என்று வைத்தால் சம்பளம் 100,000. அதற்குச் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 வீதம், ஆக 15,000 தன் கையால் கட்டவேண்டும். மேசனிடம் பிடிப்பது 8,000. அந்த 8,000 கையில் நிற்கும் என்று காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தால் 1934ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்பதற்கும் 'வேலையாள்' என்று நிற்கவேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு வரும் பணிக்கொடையும் அப்படித்தான்.

எனக்குச் சிரிப்பு வருவது வேறு விஷயத்துக்கு. மூன்று இடத்துக்கு, என் கணினியில், என் நேரத்துக்கு எழுதும் நான்தான் அங்கே கொந்தறாத்து. என்னிடம் எந்தத் தாளும் நீட்டவில்லை.

அண்ணை கையெழுத்து வைக்கவில்லை. தொழில் திணைக்களத்துக்குப் போகமுதல் முதலாளியோடு ஒருமுறை கதைக்கிறேன் என்று அண்ணையிடம் சொல்லி, முதலாளிக்குக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். இந்த மாதம் நிதிக்கு அனுப்பும் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. சாந்து குழைக்கும் பெடியன்கள் இரண்டு பேரைப் பற்றி இன்னும் இழுபறிதான்.