வேர் சிகிச்சை முடிந்த பல்லில் ஒட்டாமல் போன அடித்தளம்

ஒரு நோயாளி தம் கடைவாய்ப் பல்லின்மேல் பொருத்தியிருந்த கிரவுன் என்னும் உறையைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, நான் பல் மருத்துவராகத் தொழில் தொடங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கிரவுன் தனியாகக் கழன்றிருக்கவில்லை. அதற்குள் காம்போசிட் என்னும் பல்நிற அடைப்புப் பொருளால் நான் கட்டியிருந்த அடித்தளமும் ஒரே துண்டாக அதோடு வந்திருந்தது. வேர் சிகிச்சையும் நான் செய்ததுதான். எக்ஸ்ரேயில் வேர்க்குழாய்கள் நுனிவரை சீராக நிரம்பியிருந்தன. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது; ஓரத்தில் வேர்க்குழாயை அடைக்கும் பசையான சீலரின் வெளிர்மஞ்சள் படலமும், ஒரு மூலையில் குழாயை நிரப்பும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சாவின் இளஞ்சிவப்புத் துணுக்கும் ஒட்டியிருந்தன. நன்றாகப் பற்றியிருந்த காம்போசிட் பிய்ந்தால், ஒன்று பல்லின் சில்லு அதோடு வரும், அல்லது காம்போசிட்டின் ஒரு பகுதி பல்லிலேயே தங்கும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. அது பல்லில் ஒட்டவே இல்லை. கிரவுனின் விளிம்பு பிடித்திருந்த வரைக்கும் வாயில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காம்போசிட்டைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம் எந்த நிறுவனத்துடையதைப் பயன்படுத்தினோம் என்பதில்தான் முதலில் நம் சந்தேகம் போகும். எனக்கும் அப்படித்தான் போயிற்று. ஆனால் அந்தத் துண்டு காட்டியது வேறொன்றை: வேர் சிகிச்சைக்காக, பல்லின் நடுவிலுள்ள மென்திசுவான பற்கூழ் இருந்த அறைக்குள் நாமே ஊற்றிய, பூசிய, திணித்த ஒவ்வொரு பொருளும் பின்னால் வரும் ஒட்டுதலுக்குத் தடையாக அங்கேயே தங்கிவிடுகிறது.

ஒட்டுதல் எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்றுப் பார்த்தால் இது விளங்கும். 1955-இல் மைக்கேல் பூனக்கோர், 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தால் பல்லின் வெளி அடுக்கான எனாமலை அரித்தால் அக்ரிலிக் பொருள் அதில் உறுதியாகப் பற்றுகிறது என்று காட்டினார். எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். அமிலம் அதில் நுண்ணிய குழிகளை உண்டாக்க, ரெசின் என்னும் பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகுகிறது. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் அவ்வளவு எளிதாக இடம் கொடுப்பதில்லை. அதில் ஏறத்தாழ 70 சதவீதமே தாதுப்பொருள், மீதி பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழையும் நீரும். அமிலம் தாதுவை நீக்கியபின் எஞ்சும் கொலாஜன் வலைக்குள் ரெசின் ஊடுருவி இறுகினால்தான் பிடிப்பு கிடைக்கும். நகபயாஷி 1982-இல் விவரித்த ஹைப்ரிட் படலம் என்பது இதுவே. வேர் சிகிச்சை முடிந்த பல்லில் எனாமல் பெரும்பாலும் விளிம்பில் மட்டும் எஞ்சியிருக்கும். அறையின் சுவரும் தரையும் முழுக்க டென்டின்தான்.

அந்த டென்டினைத்தான் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நீண்ட நேரம் ஊறவைக்கிறோம். கிருமிகளைக் கொல்வதிலும் அழுகிய பற்கூழைக் கரைப்பதிலும் அதற்கு இணையான திரவம் நம்மிடம் இல்லை. அதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் திசுவைக் கரைக்கும் அதே ஆற்றல் மேற்பரப்பிலுள்ள கொலாஜனையும் சிதைக்கிறது. அதோடு, அது ஆக்சிஜனேற்றப் பொருள் என்பதால், கழுவிய பின்னும் அதன் தாக்கம் டென்டினில் தங்குகிறது. ரெசின் இறுகுவதற்குத் தேவையான தனி உறுப்பு (free radical) வினையை ஆக்சிஜன் இடைமறித்துவிடுகிறது. பாண்டிங் பூசி, அதை இறுக்கும் ஒளியைக் காட்டினாலும், டென்டினைத் தொடும் இடத்தில் ரெசின் அரைகுறையாகவே இறுகும். மேலே தட்டினால் கல்போல் இருப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை. 10 சதவீத சோடியம் அஸ்கார்பேட் போன்ற ஆக்சிஜன் நீக்கிகள் இழந்த பிடிப்பைப் பெருமளவு மீட்டுத் தருகின்றன என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. நான் விரும்புவது அதைவிட எளிய வழி: தாராளமாக நீரால் கழுவியபின், அறையின் சுவரிலும் தரையிலும் ஒரு மெல்லிய அடுக்கை மெதுவாகச் சுரண்டி, ஹைப்போகுளோரைட் படாத புதிய டென்டினை வெளிக்கொணர்வது. அறையின் தரையில் இதை மிகவும் அடக்கமாகச் செய்ய வேண்டும். அங்கே தடிமன் குறைவு, துளை விழுந்தால் பல்லையே இழக்க நேரிடும்.

அடுத்தது சீலர். துத்தநாக ஆக்சைடு, யூஜினால் கலந்த சீலர்களில் யூஜினால் ஒரு பீனால் சேர்மம். அதுவும் ரெசின் இறுகும் வினையை நிறுத்துகிறது. எபாக்சி வகைச் சீலர்களில் அந்தத் தொல்லை இல்லையென்றாலும், சுவரில் படலமாகப் படிந்தால் பாண்டிங் டென்டினைத் தொடுவதற்கே வழியில்லாமல் போகிறது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டால் போதும் என்று நான் நம்பியிருந்தேன். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பரப்பை உருப்பெருக்கியின்கீழ் முதன்முறை பார்த்தபோதுதான், மூலைகளிலும் குழாய் வாய்களைச் சுற்றியும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்தது. இப்போது ஆல்கஹாலுக்குப் பிறகு 50 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு துகளைக் காற்றழுத்தத்தில் வீசிச் சுத்தம் செய்கிறேன். கட்டாபெர்ச்சாவைக் குழாய் வாய்க்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே வெட்டிவிடுகிறேன். இரண்டு அமர்வுகளுக்கிடையே வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு பசைக்கும் இதே கவனம் தேவை. பல்லை உள்ளிருந்து வெளுக்கப் பெராக்சைடு வைத்திருந்தால், ஒன்று முதல் இரண்டு வாரங்கள் காத்திருந்தே ஒட்ட வேண்டும். காரணம் மறுபடியும் ஆக்சிஜன்தான்.

பரப்பு சுத்தமானாலும் அறையின் வடிவமே நமக்கு எதிராக நிற்கிறது. காம்போசிட் இறுகும்போது சுருங்கும். ஒட்டிய பரப்பு மிகுந்து, சுருக்கத்துக்கு இடம்கொடுக்கும் திறந்த பரப்பு குறையக் குறைய, அந்த இழுவை ஒட்டுப் படலத்தின்மேல் விழுகிறது. நான்கு சுவரும் ஒரு தரையும் கொண்ட பெட்டி வடிவக் குழியில் ஒட்டிய பரப்பு திறந்த பரப்பைப்போல் ஐந்து மடங்கு. போஸ்ட் என்னும் சிறு தண்டு ஒட்டப்படும் வேர்க்குழாய்க்குள் இந்த விகிதம் இருநூறையும் தாண்டக்கூடும். ஆழமான அறையில் ஒளிவிளக்கின் முனைக்கும் தரைக்கும் இடையே பல மில்லிமீட்டர் தூரம் இருப்பதால், முதல் அடுக்கை மெல்லியதாக வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஒளி காட்டுவதே சரி. ஒளியின்றியும் இறுகும் இருவழி காம்போசிட் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எளிமையாக்கப்பட்ட, அமிலத்தன்மை மிகுந்த பாண்டிங் திரவங்கள் பலவற்றின்மேல் அதை வைத்தால், இறுகுவதற்கு வேண்டிய அமைன் என்னும் வேதிப்பொருளை அந்த அமிலம் செயலிழக்கச் செய்துவிடும். எந்தப் பாண்டிங்கோடு எந்த காம்போசிட் சேரும் என்பதை உற்பத்தியாளரின் குறிப்பில் பார்த்துவிட்டே இரண்டையும் மேசையில் வைக்க வேண்டும்.

போஸ்ட் வைத்தால் பல் வலுப்படும் என்ற எண்ணம் இன்னமும் பலரிடம் இருக்கிறது. அது பல்லை வலுப்படுத்துவதில்லை. அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவுகிறது. வேர் சிகிச்சைக்கான துளை, பற்குமிழின் (பல்லின் மேல்முகட்டின்) விறைப்பை ஏறத்தாழ 5 சதவீதமே குறைக்கிறது என்றும், இரு பக்க விளிம்புகளையும் இழந்த குழி 63 சதவீதம் குறைக்கிறது என்றும் 1989-இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகியோர் அளந்து காட்டினர். அதனால்தான் போஸ்டுக்காக மேலும் டென்டினை வெட்டுவதைவிட, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் பல்சுவரைக் காப்பாற்றுவதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

ரேயும் டிரோப்பும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, வேர் சிகிச்சை செய்த 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து, வேர்நுனி நலமாக இருப்பதில் மேலே செய்யும் அடைப்பின் தரத்துக்கு வேர் நிரப்பலைவிடக் கூடுதல் பங்கு இருப்பதாகக் கண்டது. பின்வந்த ஆய்வுகள் இரண்டுமே தேவை என்று நிதானப்படுத்தின. எப்படியாயினும், பஞ்சும் தற்காலிக அடைப்பும் வைத்து நோயாளியை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதற்கு நியாயம் இல்லை. பல்லை உமிழ்நீரிலிருந்து தனிப்படுத்தும் ரப்பர் டேம் விரிப்பு மாட்டியிருக்கும்போதே, உமிழ்நீர் உள்ளே போகுமுன், நிரப்பிய அதே அமர்வில் ஒட்டி மூடிவிடலாம்.

அந்த நோயாளியின் பல்லில், துண்டு கழன்ற இடத்தில் வாடை இருந்தது. கிரவுன் விழுவதற்கு வெகுமுன்பே அடித்தளத்தின் கீழே கசிவு தொடங்கியிருக்க வேண்டும். வேர்க்குழாய்களைத் திறந்து சிகிச்சையை முதலிலிருந்து மறுபடி செய்தேன். நிரப்பி முடித்த அமர்வில், சீலரையும் ஹைப்போகுளோரைட் பட்ட டென்டினையும் நீக்கவே இருபது நிமிடங்கள் ஆயின. பாண்டிங் பூசி ஒளி காட்டியது சில வினாடிகள்தான். சென்ற முறை இவ்வளவு நேரம் ஆகவில்லையே என்று அவர் கேட்டார். கழன்று வந்த துண்டைப் பத்திரப்படுத்தியிருந்தேன். அதை எடுத்து, அதன் வழவழப்பான அடிப்பக்கத்தை அவருக்குக் காட்டினேன்.