புதுசா, பழசா? ட்ரெயிலர் தேடும் நாட்குறிப்பு

பிப்ரவரி 22, 2025, சனி

இந்தக் கோடைக்கு ட்ரெயிலர், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய்த் தங்கும் சின்ன வீட்டு வண்டி, வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இதுவரைக்கும் கூடாரம்தான். இங்கே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் லட்டிங்டன், ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகள் என்று எங்கே போனாலும் கார் டிக்கியில் கூடாரமும் ஸ்டவ்வும் ஏறிவிடும். ஜூனில் அத்தை தஞ்சாவூரிலிருந்து வருகிறார், அக்டோபர் வரை இருப்பார். முழங்கால் வலி, தரையில் படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், நடுராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு அவரை நடக்கவைக்க எனக்கு மனசில்லை. வீட்டில் தனியாக விட்டுப் போகவும் மனசில்லை. அதனால் கட்டிலும் கழிப்பறையும் உள்ள ஒரு சின்ன வண்டி, எங்கள் காரே இழுக்கிற மாதிரி.

புதுசா பழசா என்பதில்தான் ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. "பழசு வாங்கினா அடுத்தவன் தலைவலிய நாம காசு கொடுத்து வாங்கறோம்" என்கிறார் இவர், என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் காரணம் கையில் இல்லாமல் வாதம் செய்து பயனில்லை, அதனால் படிப்பதையும் பார்ப்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன், இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவதும் உதவட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

முதலில் கார். இதைப் பார்க்காமல் ட்ரெயிலர் பார்க்கப் போவது வீண் வேலை.

எங்கள் எஸ்யூவி 5,000 பவுண்டு வரை இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர், ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று. எங்களுடையதில் 1,350. இதுதான் உண்மையான எல்லை. ட்ரெயிலர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது காரின் பின்னால் ட்ரெயிலரை மாட்டும் கொக்கிமேல், அழுத்தும், அந்த எடையைக் கார்தான் சுமக்கிறது. அது 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் பாம்பு மாதிரி வளைய ஆரம்பிக்கும், குறைத்து ஏமாற்றவும் வழியில்லை. முழுச் சுமையோடு 4,000 பவுண்டு ட்ரெயிலர் என்றால் ஹிட்சில் 400 முதல் 600. பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஐஸ்பெட்டி, சைக்கிள் என்று கூட்டிக்கொண்டே போனால் 1,350 எங்கே போனது என்றே தெரியாது.

பிரசுரங்களில் பெரிய எழுத்தில் போடுவது வெறும் வண்டியின் எடை. பேட்டரி, நிரப்பிய கேஸ் சிலிண்டர், தண்ணீர், பாத்திரம் எதுவும் அதில் வராது. தண்ணீர் மட்டுமே கேலனுக்கு 8.3 பவுண்டு, 30 கேலன் தொட்டியை நிரப்பினால் 250 பவுண்டு கூடிவிடும். பார்க்க வேண்டியது ஜி.வி.டபிள்யூ.ஆர், அதாவது சாமான் எல்லாம் ஏற்றியபின் வண்டி தாங்கக்கூடிய உச்ச எடை. எங்களுக்கு அது 4,000க்குள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதி, பிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டேன். புதுசோ பழசோ, அதற்கு மேல் உள்ளதைப் பார்க்கவே போவதில்லை.

மார்ச் 8, சனி

டீலர் கடை. இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! புது மர வாசனை, பளபளக்கும் சிங்க், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், அத்தைக்கு எட்டும் உயரத்தில் பெரிய கட்டில். எனக்கும் பிடித்திருந்தது, மறைக்கவில்லை. எடையும் எங்கள் எல்லைக்குள்தான்.

ஸ்டிக்கர் விலை 19,995 டாலர். உட்கார்ந்து பேசும்போது தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் கூலி, தயார் செய்யும் கட்டணம், ஆவணக் கட்டணம், பேட்டரி, ஹிட்ச், ட்ரெயிலர் பிரேக்கைக் காரிலிருந்து இயக்கும் பிரேக் கண்ட்ரோலர், அப்புறம் மிச்சிகன் விற்பனை வரி 6 சதவீதம் என்று ஒவ்வொன்றாக ஏறி 24,000ஐத் தொட்டுவிட்டது. மாதத் தவணை 200 டாலருக்குள்தான் என்று விற்பனையாளர் சொன்னபோது இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை வருஷம் என்று கேட்டேன். பதினைந்து.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 4,000 கையிலிருந்து, 20,000 கடன், வட்டி 8 சதவீதம், 15 வருஷம். மாதம் 191 டாலர். மொத்தம் கட்டுவது 34,400. இதைவிட எனக்கு உறைத்தது வேறு: மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி 17,650க்கு மேல் நிற்கும். மூன்று வருஷம் ஓடிய இந்த அளவு ட்ரெயிலரை அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். நடுவில் வேலை போய், விற்கவேண்டி வந்தால் விற்ற காசு கடனுக்கே பத்தாது, கையிலிருந்து போடவேண்டும். விசாவில் இருப்பவர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை.

மார்ச் 15, சனி

இவருடைய வாதம் நியாயமானதும்கூட, அதை எழுதாமல் விடக்கூடாது. புதுசுக்கு உத்தரவாதம் உண்டு, உடைந்தால் அவர்கள் பொறுப்பு. அதனால் இந்த வண்டிகள் எப்படித் தயாராகின்றன என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்க ட்ரெயிலர்களில் பெரும்பகுதி இங்கிருந்து சில மணி நேரத் தொலைவில், இண்டியானாவின் எல்க்கார்ட் சுற்றுவட்டாரத்தில் செய்யப்படுகிறது. கடையில் பத்து பிராண்டு தெரிந்தாலும் பின்னால் பெரும்பாலும் தோர், ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோ என்ற மூன்று நிறுவனங்கள்தான். ஜேக்கோ 2016லிருந்து தோர் கையில், கிராண்ட் டிசைன் அதே வருஷம் வின்னபேகோ கைக்குப் போனது. அந்தத் தொழிற்சாலைகளில் எத்தனை வண்டி முடித்தார்கள் என்பதை வைத்துக் கூலி தருவது வழக்கம். காரைப் போல ரோபோ வைத்துச் செய்வதில்லை, ஆட்கள் கையால் வேகமாகச் சேர்ப்பதுதான். கொரோனா காலத்தில் எல்லாரும் ஊர் சுற்ற வண்டி தேடினார்கள், 2021ல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன, எஞ்சினோடு தானே ஓடும் மோட்டார் வீடுகளும் சேர்த்து. 2023ல் அது 3.13 லட்சமாக இறங்கியது. அந்த அவசரத்தில் ஒட்டிய ஜன்னல், தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய சீலண்ட் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் 2021, 2022 வண்டிகளை நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

தெரிந்த குடும்பம் ஒன்று இரண்டு வருஷம் முன்னால் புதுசு வாங்கியது. முதல் மழையிலேயே ஜன்னல் ஓரம் கசிந்தது. உத்தரவாதம் இருந்தது, காசு வாங்காமல்தான் சரிசெய்தார்கள், ஆனால் வண்டி டீலர் முற்றத்தில் நின்றது ஜூலை முழுக்க. மிச்சிகனில் ஜூலையை இழந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த வீட்டு அக்கா இதைச் சொன்னபோது இவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உத்தரவாதம் காசைத் திருப்பிக்கொடுக்கும், கோடையைத் திருப்பிக்கொடுக்காது.

மார்ச் 29, சனி

முதல் பழைய வண்டி. 2016 மாடல், 9,000 டாலர், படத்தில் அழகாக இருந்தது. கதவைத் திறந்ததும் ரூம் ஸ்ப்ரே வாசனை மூக்கைத் துளைத்தது. அது போதும் சந்தேகப்பட.

இந்த வண்டிகளைக் கொல்வது ஓட்டம் இல்லை, தண்ணீர். கூரையில் காற்றுப்போக்கிக்காகவும் ஏசிக்காகவும் வெட்டிய ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சீலண்ட் பூசியிருப்பார்கள், அது வெயிலிலும் பனியிலும் வெடிக்கும், வருஷத்துக்கு ஒருமுறையாவது ஏறிப் பார்த்துத் திரும்பப் பூசவேண்டும். பூசாவிட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கி உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை அழுகவைக்கும், வெளியே ஒன்றுமே தெரியாது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஃபைபர்கிளாஸ் சுவரை நேராகப் பார்க்காமல் ஓரமாக நின்று வெளிச்சம் படும் கோணத்தில் பார்த்தால் உப்பல் தெரியும், அப்படி உப்பியிருந்தால் மறுபேச்சு இல்லாமல் வந்துவிடலாம், அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு வண்டியே வந்துவிடும். மேல் அலமாரிகளைத் திறந்து மூலைகளைக் கையால் அழுத்திப் பார்க்கவேண்டும். கதவோரம், கழிப்பறை முன்னால், கட்டிலுக்கடியில் தரையை மிதித்துப் பார்க்கவேண்டும். ஈரம் அளக்கும் சின்னக் கருவி 30, 40 டாலருக்குக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

கழிப்பறை முன்னால் தரை அமுங்கியது. மூலையில் கருவி சிவப்பு காட்டியது. விற்பவர் நல்ல மனுஷர்தான், அவருக்கே தெரியாது போலிருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தோம். காரில் வரும்போது "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார் இவர். "பாத்ததாலதானே தெரிஞ்சது" என்றேன்.

ஏப்ரல் 5, சனி

இன்னொன்று, ஓவாசோ என்ற ஊர்ப் பக்கம். 2019 மாடல், 17 அடி, ஒற்றை அச்சு, அடுக்குக் கட்டிலோடு, ஜி.வி.டபிள்யூ.ஆர் 3,950. ஓய்வுபெற்ற தம்பதி, பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் விற்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் கூரைக்குச் சீலண்ட் வாங்கிய ரசீது முதற்கொண்டு ஒரு கோப்பில் வைத்திருந்தார் அந்தப் பெரியவர். 12,000 கேட்டார்கள். தரை கெட்டி, சுவர் நேர், கருவி எல்லா மூலையிலும் பச்சை.

ஆனால் குழாய்களில் இன்னும் உறையாமலிருக்கக் குளிர்காலத்துக்கு ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவம்தான் நிற்கிறது, இந்தக் குளிரில் தண்ணீர் விட்டுப் பார்க்கமுடியாது. உறைந்து வெடித்த குழாய் தண்ணீர் விடும்வரை வாயே திறக்காது. அதனால் முன்பணம் கொஞ்சம் கொடுத்து, வெயில் வந்ததும் தண்ணீர் விட்டுக் காட்டிய பிறகுதான் மீதி, பிடிக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். அவசரப்படுத்தும் ஆளாக இருந்தால் இதற்கே மறுத்திருப்பார். அவர் உடனே சரி என்றார், அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ஏப்ரல் 19, சனி

சான்று பெற்ற பரிசோதகர் ஒருவரைக் கூட்டிப்போனோம். காசு செலவுதான், ஆனால் கூரைமேல் ஏறத் தெரிந்தவர் வேண்டும். பிரிட்ஜை முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லியிருந்தேன், கேஸில் ஓடும் பிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் எடுக்கும், நாம் போனபிறகு போட்டால் வேலை செய்கிறதா என்று அன்றைக்குத் தெரியாது. உள்ளே நல்ல சில்லிப்பு.

தண்ணீர் விட்டோம். எல்லாக் குழாயும் சரி, சிங்குக்கடியில் ஒரு இணைப்பில் மட்டும் சொட்டு, பரிசோதகர் கையாலேயே இறுக்கினார். கேஸ் இணைப்புகளில் சோப்புத்தண்ணீர் தடவினார், குமிழி வரவில்லை. ஹீட்டர், ஏசி, ட்ரெயிலர் பிரேக் எல்லாம் ஓடின.

மாட்டியது டயர். பக்கவாட்டில் டி.ஓ.டி என்று தொடங்கும் அடையாளக் குறியின் கடைசி நாலு இலக்கம் 1419, அதாவது 2019ன் பதினாலாவது வாரம். பட்டன் தேயவே இல்லை, பார்த்தால் புதுசு மாதிரி. ஆனால் ட்ரெயிலர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெட்டுப்போகும், ஐந்தாறு வருஷம் ஆனால் மாற்றிவிட வேண்டும், நெடுஞ்சாலையில் வெடித்தால் சக்கரத்தைச் சுற்றியுள்ள தரையையும் குழாயையும் கிழித்துவிடும். அதைச் சொல்லி 11,200க்கு முடித்தோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வண்டி வீட்டு வாசலில்.

டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், உள்ள வி.ஐ.என் என்ற வண்டியின் அடையாள எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா, வங்கிக் கடன் ஏதும் அதன்மேல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுத்தோம். தனியாரிடம் வாங்கினாலும் 6 சதவீத வரி உண்டு, 672 டாலர், பெயர் மாற்றும்போது கட்டியாகிவிட்டது. வரி, பரிசோதகர், இரண்டு டயரும் ஒரு ஸ்டெப்னியும், பிரேக் கண்ட்ரோலர் எல்லாம் சேர்த்தும் 13,500க்குள். கடன் இல்லை.

இவர் நேற்று முழுக்க கூரைமேல்தான் இருந்தார், ஏசி ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பைக் கண்டுபிடித்து சீலண்ட் பூசினார். "பழசுன்னாலும் கெட்டியா இருக்கு" என்று இறங்கி வந்தார். பண வசதியுள்ளவர்கள், கடன் இல்லாமல் புதுசு வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கட்டும், ஆனால் அவர்களும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதே பரிசோதகரை டீலர் முற்றத்துக்கே கூட்டிப்போகவேண்டும் என்பேன்.

மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடுகிறது, ஜூலை வார இறுதிகள் எப்போதோ போய்விட்டன. வாரநாட்களில் லட்டிங்டனில் இடம் கிடைத்தது. அதற்கு முன் சாமான் எல்லாம் ஏற்றி, பக்கத்து டிரக் நிறுத்தத்தில் எடைமேடையில் காரையும் ட்ரெயிலரையும் நிறுத்திப் பார்க்கவேண்டும், ட்ரெயிலர் 3,950க்குள் வருகிறதா என்று. அத்தை ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், உள்ளே இட்லி ஊற்ற முடியுமா என்று. இரண்டு பர்னர் இருக்கிறது, முடியும் அத்தை என்று சொல்லியிருக்கிறேன்.