விசாவில் ‘1’ என்று இருந்தது

பயணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது தோழியின் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. என்னுடையது இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. விசா கிடைத்த சந்தோஷத்தில் இரண்டையும் மேசையில் விரித்து வைத்துப் படம் எடுக்கலாம் என்று போனபோதுதான் கவனித்தேன், ஒட்டியிருந்த இரண்டு விசாவும் எல்லா விதத்திலும் ஒரே மாதிரி, ஒரு கட்டத்தில் மட்டும் வித்தியாசம். நுழைவுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் எனக்கு ‘மல்ட்’, அதாவது பலமுறை நுழையலாம், அவளுக்கு ‘1’, ஒரே முறைதான்.

அப்போது எங்கள் திட்டம் இது. 2024 செப்டம்பர், மொத்தம் பன்னிரண்டு நாள். குரோஷியாவின் தலைநகர் ஸாக்ரெபில் இறங்கி, கடற்கரை நகரமான ஸ்ப்லிட்டுக்குப் போய், அங்கிருந்து எல்லை தாண்டி போஸ்னியாவின் மொஸ்டாரில் இரண்டு இரவு, பிறகு மறுபடி குரோஷியாவுக்குள் வந்து டுப்ரோவ்னிக், அங்கிருந்தே விமானம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய பகுதிதான் ஷெங்கன். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் அதற்குள் இருக்கிறது, போஸ்னியா இல்லை. அதாவது மொஸ்டாருக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, டுப்ரோவ்னிக்குக்கு வருவது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர் வெளியே போன நிமிடத்தோடு அந்த விசா முடிந்துவிடும், அதில் இன்னும் எத்தனை நாள் பாக்கி இருந்தாலும் சரி.

இது எப்படி நடந்தது என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். விண்ணப்பப் படிவங்கள் இரண்டையும் நிரப்பியது நான்தான். அதில் ஒற்றை, இரண்டு, பலமுறை என்று கட்டங்கள் இருக்கும். நிரப்பும்போது எங்கள் திட்டத்தில் மொஸ்டாரே இல்லை, வெறும் குரோஷியா மட்டும், அதனால் இருவருக்கும் ஒற்றை நுழைவுதான் கேட்டிருந்தேன். முன்பே ஷெங்கன் விசா வாங்கிப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தவர்களுக்குப் பலமுறை நுழைவு விசா தரும் வழக்கம் அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது, எனக்கு அது தானாகக் கிடைத்துவிட்டது. அவளுக்கு இது முதல் விசா. படிவம் கொடுத்த பிறகு ஒரு நாள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்ப்லிட்டிலிருந்து மொஸ்டார் இவ்வளவு பக்கமா என்று தோன்றி, சேர்த்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். வரைபடம் முதலில், படிவம் பிறகு என்று இருந்திருந்தால் அந்தக் கட்டத்தில் ‘பலமுறை’ என்று குறித்து, காரணத்தைக் கடிதத்தில் எழுதி, மொஸ்டார் தங்குமிட முன்பதிவையும் இணைத்திருப்பேன்.

மறுபடி விண்ணப்பிக்க நேரம் கிடையாது. ஷெங்கன் விசாவுக்கு முடிவு சொல்ல வழக்கமான கால அளவு 15 நாள், சில சமயம் 45 நாள் வரைகூட இழுக்கலாம். பயணத்துக்கு 15 நாளாவது முன்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம் என்பதை இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, மொஸ்டாரை விட்டுவிடுவோம், குரோஷியாவுக்குள்ளேயே ஸ்ப்லிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போய்விடலாம் என்று நினைத்தால், அங்கே இன்னொரு சிக்கல். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், குரோஷியாவின் கடற்கரை ஒரே துண்டாக இருக்காது. நெயும் என்ற ஊர் இருக்கும் இடத்தில் சுமார் 9 கிலோமீட்டர் அகலமுள்ள போஸ்னியத் துண்டு ஒன்று கடலைத் தொடுகிறது. டுப்ரோவ்னிக் அந்தத் துண்டுக்கு அந்தப் பக்கம். பழைய கடற்கரைச் சாலையில் போனால் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வந்துதான் ஆகவேண்டும். பேருந்தை விட்டு இறங்கவே வேண்டாம், கால் தரையில் படவே வேண்டாம், ஆனாலும் அது வெளியேற்றம்தான்.

அதற்கு வழி ஒன்று இருந்தது. 2022 ஜூலை 26 அன்று பெல்யேஷாட்ஸ் பாலத்தைத் திறந்திருக்கிறார்கள். 2.4 கிலோமீட்டர் நீளம். நெயுமுக்கு முன்பே கடலைத் தாண்டி பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்துக்குப் போய், அங்கிருந்து குரோஷிய மண்ணிலேயே டுப்ரோவ்னிக் போய்ச் சேரலாம். குரோஷியாவை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்த அந்த 9 கிலோமீட்டரைச் சுற்றிப் போவதற்கென்றே கட்டிய பாலம். அதைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஆனால் பாலம் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பேருந்தும் அதன் வழியாகத்தான் போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பயணச்சீட்டு எடுக்கும் முன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், இந்த நேரத்து வண்டி பாலம் வழியா, நெயும் வழியா என்று. பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன்.

என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன். “நீ மொஸ்டார் போயிட்டு வாடி. நான் பாலத்துல போய் ஸ்டோன்ல ரெண்டு நாள் இருக்கேன். டுப்ரோவ்னிக்ல பார்ப்போம்” என்றாள். ஸ்டோன் அந்தத் தீபகற்பத்தில் இருக்கும் சின்ன ஊர், பழைய உப்பளங்களும் மலைமேல் ஏறி இறங்கும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான மதிலும் இருக்கின்றன. தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவள் பிடிவாதமாக இருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு தாளையும் எடுத்து மறுபடி படித்தேன். அப்போதுதான் இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடு தர வேண்டும் என்ற விதிப்படி சரியாகத்தான் இருந்தது, ஆனால் ‘ஷெங்கன் நாடுகள் மட்டும்’ என்று அதில் இருந்தது. மொஸ்டாரில் எனக்குக் கால் உடைந்தால் அந்தத் தாளால் எந்தப் பயனும் இல்லை. போஸ்னியாவையும் சேர்த்து வேறொன்று எடுத்தேன். அடுத்தது இ-சிம், அதாவது தனி அட்டை இல்லாமல் கைபேசியிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வேலை செய்யும் என்று வாங்கி வைத்திருந்தேன், போஸ்னியா ஒன்றியத்தில் இல்லை. இணையம் இல்லாவிட்டால் இரண்டு நாள் சமாளிக்கலாம், ஆனால் அட்டை வழியாகப் பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் ஓடிபி சொந்த எண்ணுக்குத்தானே வரும், அந்த எண்ணில் ரோமிங் போடாமல் வந்துவிட்டால் கையில் அட்டை இருந்தும் பணம் இல்லாத மாதிரிதான். இது பலருக்கும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கிறது.

போஸ்னியாவுக்கு எனக்குத் தனி விசா வேண்டுமா என்ற கேள்வியும் இருந்தது. செல்லுபடியாகும் பலமுறை நுழைவு ஷெங்கன் விசா இருந்தால் குறுகிய காலம் உள்ளே போய்வரலாம் என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தில் இருந்தது, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இந்த மாதிரி விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, நீங்கள் போகும் வாரத்தில் அரசுப் பக்கத்தையே பாருங்கள், என்னைப் போன்றவர்கள் எழுதுவதை வைத்து எல்லைக்குப் போய் நிற்காதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். குரோஷியாவில் 2023 முதல் யூரோ. அதற்கு முன் குனா இருந்தது, தோழியின் அண்ணன் எப்போதோ போய்வந்தபோது மிச்சம் வைத்திருந்த குனா நோட்டுகள் சிலவற்றைக் கொடுத்திருந்தார். கடைகளில் அவை செல்லாது, ஆனால் குரோஷிய தேசிய வங்கி நோட்டுகளைக் காலவரம்பு இல்லாமல் மாற்றித் தருகிறது, ஒரு யூரோவுக்கு 7.53450 குனா என்ற அதே நிலையான விகிதத்தில். ஸாக்ரெபில் அந்த வேலையை முடித்தோம். நாங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு அட்டை, வேறு வேறு வங்கி, வேறு வேறு அட்டை நெட்வொர்க் (மாஸ்டர்கார்ட் போல), ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில். கொஞ்சம் யூரோ நோட்டு கையில். அவ்வளவுதான். எல்லாப் பணத்தையும் நோட்டாக மாற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் பயம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் சில்லறை மட்டும் கட்டாயம் வேண்டும். அங்கே பேருந்தின் அடியில் பெட்டி வைப்பதற்கு ஓட்டுநரிடம் தனியாக நாணயமாகக் கொடுக்கிறார்கள், அட்டையை நீட்டினால் அவர் தலையை ஆட்டுவார்.

ஸ்ப்லிட் பேருந்து நிலையத்தில் காலை இருவரும் வேறு வேறு வண்டியில் ஏறினோம். அவளுடைய வண்டி முதலில் கிளம்பியது. ஓட்டுநரிடம் மறுபடி ஒருமுறை கேட்டேன், பாலமா என்று. பாலம்தான் என்று கையால் வளைத்துக் காட்டினார். அப்போதும் மனம் அடங்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவளிடமிருந்து ஒரு படம் வந்தது, சன்னலுக்கு வெளியே பாலத்தின் கம்பிகள், கீழே நீலக்கடல். அந்த நேரம் நான் எல்லையில் நின்றிருந்தேன், வண்டியில் இருந்த எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அச்செடுத்த தாளை யாரும் கேட்கவே இல்லை. முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்வது என் பழக்கம்.

போஸ்னியாவின் பணம் மாற்றத்தக்க மார்க். முன்பு ஜெர்மன் மார்க்கோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டியிருந்தார்கள், ஜெர்மனி யூரோவுக்குப் போன பிறகு அதே விகிதம் அப்படியே யூரோவுக்கு வந்துவிட்டது, 1 யூரோ 1.95583 மார்க். ஜெர்மன் மார்க் காலமாகி இத்தனை வருஷம் கழித்தும் அதன் கணக்கு இன்னொரு நாட்டின் பணப்பையில் உயிரோடு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நிலையான விகிதம் என்பதால் யாராவது குறைத்துக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும், மனக்கணக்கில் பாதியாக்கிக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

ஏடிஎம்மில் மார்க் எடுக்கும்போது திரையில் ஒரு கேள்வி வரும், உங்கள் சொந்த நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா, உள்ளூர்ப் பணத்திலேயே விடட்டுமா என்று. சொந்தப் பணத்தில் எவ்வளவு என்று எண் தெரிவதால் அதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். அப்படியில்லை. அதை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் தீர்மானிக்கிறார், தன் லாபத்தையும் சேர்த்து. உள்ளூர்ப் பணம் என்று அழுத்தினால் உங்கள் அட்டை நெட்வொர்க்கும் வங்கியும் தீர்மானிக்கின்றன, பெரும்பாலும் அதுதான் குறைவு. நான் மறுத்தேன், ‘மாற்றம் வேண்டாம் என்றால் பரிவர்த்தனை ரத்தாகும்’ என்பது போல இரண்டாவது முறை பயமுறுத்துகிற மாதிரி ஒரு திரை வந்தது, மறுபடி மறுத்தேன், பணம் ஒழுங்காக வந்தது. கிரெடிட் கார்டில் நோட்டு எடுக்காதீர்கள், அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

மொஸ்டாரின் பழைய பாலத்தில் மாலை வெகுநேரம் நின்றேன். 1566-இல் கட்டி முடித்தது, 1993 நவம்பர் 9 அன்று போரில் குண்டு வீசி உடைத்தார்கள், மறுபடி கட்டி 2004-இல் திறந்தார்கள். கல் வழுக்குகிறது, பார்த்து நடக்க வேண்டும். தோழி ஒரு பாலத்தைத் தாண்டி வேறு பக்கம் போயிருக்க, அவள் வரமுடியாத இடத்துக்கு இன்னொரு பாலத்தைப் பார்க்க நான் மட்டும் வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது தொண்டையை அடைத்தது. நிறையப் படம் எடுத்து அனுப்பினேன். தங்குமிடத்து இணையம் கிடைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தன.

கிளம்பும் நாள் கையில் மிச்சமிருந்த மார்க்கை நிலையத்திலேயே செலவழித்துவிட்டேன், அந்த நாட்டுக்கு வெளியே அதை மாற்றுவது பெரும்பாடு. டுப்ரோவ்னிக் வண்டி நெயும் வழியாகப் போகும் வண்டி. போஸ்னியாவிலிருந்து குரோஷியா, அங்கிருந்து மறுபடி போஸ்னியா, மறுபடி குரோஷியா. ஒரே மதியத்தில் மூன்று இடத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினேன். ஒவ்வொரு தடவையும் என் ‘மல்ட்’டைப் பார்த்தேன்.

டுப்ரோவ்னிக் நிலையத்தில் அவள் காத்திருந்தாள், வெயிலில் கறுத்து, மதிலில் ஏறியதில் முழங்கால் வலியோடு. இரண்டு நாள் கதையையும் மாற்றி மாற்றிச் சொல்லி முடிக்க நள்ளிரவு ஆகிவிட்டது. அவள் ஒரு அருங்காட்சியகக் கடையில் அவசரத்தில் அட்டை இயந்திரத்தில் சொந்தப் பணத்தை அழுத்திவிட்டாளாம், ரசீதை வைத்து இருவரும் கணக்குப் போட்டு வருந்தினோம், அப்புறம் விட்டுவிட்டோம்.

விமான நிலையத்தில் வெளியேறும்போது அவளுடைய பாஸ்போர்ட்டில் இரண்டே முத்திரை, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் சேர்த்தே தங்கிய நாள் கணக்கு, பன்னிரண்டு என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். என்னுடையதில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள், ஆகவே இனி அப்படி ஒரு பக்கம் வாய்க்காது.

அடுத்தது மொஸ்டார்தான், இந்தத் தடவை இருவரும். மேசையில் வரைபடம் விரிந்து கிடக்கிறது, எல்லைகளை அவள் சிவப்புப் பேனாவால் எண்ணி எண்ணிக் குறித்துக்கொண்டிருக்கிறாள். படிவத்தை இன்னும் தொடவில்லை.